கார்புரேட்டரைக் கழற்றும் முன்: வாசகர் கேள்வி – பதில்

பழைய பெட்ரோல் கார்களில் பெட்ரோலைக் காற்றுடன் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டரை எடுத்துவிட்டு, பெட்ரோலை அளந்து பீய்ச்சும் மின்னணு இன்ஜெக்ஷன் பொருத்துவது குறித்துக் கடலூரிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் பல கடிதங்கள் வந்துள்ளன. அவற்றுள் ஐந்துக்கு இந்த இதழில் பதில் அளிக்கிறோம். முதல் கடிதம் பலருடைய சிக்கலையும் ஒருசேரச் சொல்வதால், அதற்கான பதில் நீண்டுவிட்டது.

கேள்வி: என் தந்தையார் 1984-இல் வாங்கிய பிரீமியர் பத்மினியை இன்னும் ஓட்டி வருகிறேன். கத்திரி வெயிலில் திருப்பாதிரிப்புலியூர் கடைத்தெருவில் பத்து நிமிடம் நிறுத்திவிட்டு வந்தால் வண்டி ஸ்டார்ட் ஆவதில்லை. மெக்கானிக் ஈரத்துணியைப் பெட்ரோல் பம்பின்மீது சுற்றி வைத்த பிறகே கிளம்புகிறது. எத்தனால் கலந்த பெட்ரோல் வந்ததிலிருந்து ஆக்சிலரேட்டரை மிதித்தவுடன் இன்ஜின் ஒரு கணம் திணறுகிறது. இன்ஜெக்ஷனுக்கு மாற்றினால் இரண்டும் தீரும் என்று உறவினர் ஒருவர் சொல்கிறார். செய்யலாமா? எப்படிச் செய்வது?
— வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: உறவினர் சொன்னது சரிதான். இரண்டு கோளாறுகளும் தீரும். ஆனால் அவை வெவ்வேறு கோளாறுகள் என்பதையும், முதலாவதைத் தீர்க்க இன்ஜெக்ஷன் தேவையே இல்லை என்பதையும் முதலில் சொல்லிவிட வேண்டும்.

வெயிலில் நின்றுபோவதற்குக் காரணம் வேப்பர் லாக், அதாவது பெட்ரோல் ஆவியாகி வழியை அடைத்துக்கொள்வது. பத்மினியின் பெட்ரோல் பம்ப் இன்ஜினின் உடலிலேயே பொருத்தப்பட்டது. டேங்கிலிருந்து பெட்ரோலை உறிஞ்சி எடுப்பது அதன் வேலை. ஓடும்போது விசிறிக் காற்றும் புதிய பெட்ரோலும் அதைக் குளிர்விக்கின்றன. நிறுத்தியவுடன் இரண்டும் நின்றுவிட, இன்ஜின் சூடு முழுவதும் பம்பிலும் கார்புரேட்டர் கிண்ணத்திலும் ஏறுகிறது. பெட்ரோலின் இலேசான பகுதிகள் 40 டிகிரியை ஒட்டிய வெப்பத்திலேயே ஆவியாகத் தொடங்கிவிடும். உறிஞ்சும் குழாயில் அழுத்தம் குறைவு என்பதால் அங்கே இன்னும் எளிதாக ஆவியாகும். ஆவி நிறைந்த பம்பால் திரவத்தை இழுக்க முடியாது. ஈரத்துணி அந்த ஆவியை மீண்டும் திரவமாக்குகிறது. உங்கள் மெக்கானிக் செய்வது மிகச் சரியான முதலுதவி. இந்த ஒரு கோளாறு மட்டும் என்றால், குறைந்த அழுத்தம் தரும் சிறிய மின்பம்ப் ஒன்றை டேங்குக்கு அருகில் வைத்து, கார்புரேட்டருக்கு அடியில் கனமான வெப்பத் தடுப்புக் கட்டை ஒன்றைப் பொருத்தி, குழாயை சைலன்சர் பக்கத்திலிருந்து விலக்கிக் கொண்டுவந்தாலே போதும். செலவும் குறைவு; மறுபடி பழையபடி மாற்றிவிடவும் முடியும்.

இரண்டாவது கோளாறு அப்படிப்பட்டதன்று. தூய பெட்ரோல் 1 கிலோ முழுமையாக எரிய 14.7 கிலோ காற்று தேவை. எத்தனாலுக்கு 9 கிலோ போதும். ஆகவே 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலுக்குத் தேவையான காற்றின் அளவு ஏறத்தாழ 13.5 கிலோவாகக் குறைகிறது. கார்புரேட்டரில் பெட்ரோல் வெளிவரும் ஜெட் ஒரு துளை மட்டுமே. உள்ளே என்ன ஓடுகிறது என்று அதற்குத் தெரியாது. பழைய பெட்ரோலுக்காகத் துளையிட்ட ஜெட் வழியே இந்தக் கலவை வரும்போது, இன்ஜினுக்குக் கிடைப்பது தேவையைவிட 7, 8 சதவீதம் குறைவான எரிபொருள். ஏற்கெனவே சற்றுக் குறைவாக வைத்து டியூன் செய்த வண்டிகளில்தான் நீங்கள் சொல்லும் திணறல் முதலில் தெரியும். ஒரு அளவு பெரிய ஜெட் போட்டால் இதுவும் ஓரளவு சரியாகும். ஆனால் சைலன்சர் குழாயில் ஆக்சிஜன் சென்சார் வைத்து, எரிந்தது போதுமா என்று ஒவ்வொரு கணமும் பார்த்துத் தன்னைத் திருத்திக்கொள்ளும் முறைக்கு ஜெட் ஈடாகாது. பழைய காருக்கு இன்ஜெக்ஷன் வைப்பதில் இன்றைக்கு உள்ள உண்மையான நன்மை இதுவே என்பது என் கருத்து. குளிரில் எளிதாக ஸ்டார்ட் ஆகும் என்பதைப் பெரிய நன்மையாகச் சொல்வார்கள். கடலூரின் மார்கழிக்கு அது அவ்வளவு தேவைப்படாது. கூடுதல் சக்தியையும் எதிர்பார்க்க வேண்டாம். சரியாக டியூன் செய்த கார்புரேட்டர் முழு இழுவையில் ஏறத்தாழ அதே சக்தியைத் தரும்.

மாற்றுவது என்று முடிவு செய்தால், எதையும் வாங்கும் முன் இன்ஜினைச் சோதியுங்கள். நான்கு சிலிண்டர்களின் கம்ப்ரஷனும் ஒன்றுக்கொன்று 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். டேப்பட் இடைவெளி, டைமிங், மேனிஃபோல்டு (சிலிண்டர்களுக்குக் காற்றைக் கொண்டுசெல்லும் குழாய்த் தொகுதி) கேஸ்கட் ஆகியவற்றில் குறை இருக்கக் கூடாது. இன்ஜெக்ஷனைக் கட்டுப்படுத்தும் கணினி, அதாவது ஈ.சி.யு., மேனிஃபோல்டில் உள்ள வெற்றிட அழுத்தத்தை அளந்தே எவ்வளவு காற்று உள்ளே போகிறது என்று கணக்கிடுகிறது. ரிங் தேய்ந்து, வால்வு சரியாக அமராத இன்ஜினில் அந்த அளவு ஆடிக்கொண்டே இருக்கும். பெட்ரோலும் அதற்கேற்ப ஆடும். கார்புரேட்டரில் மறைந்திருந்த தேய்மானம் இன்ஜெக்ஷனில் வெளிப்படையாகத் தெரியும்.

பத்மினிக்கு நான் பரிந்துரைப்பது, கார்புரேட்டர் அமரும் இடத்திலேயே ஒற்றை இன்ஜெக்டர் (பெட்ரோலைப் பீய்ச்சும் மின்வால்வு) கொண்ட திராட்டில் பாடி (உள்ளே போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் பாகம்) ஒன்றை வைப்பதுதான். இன்ஜினில் எதையும் வெட்ட வேண்டியதில்லை. லேத் பட்டறையில் ஒரு அடாப்டர் தகடு கடைந்தால் போதும். கழற்றிய கார்புரேட்டரை எண்ணெய் தடவித் துணியில் சுற்றிப் பத்திரமாக வைத்திருங்கள்.

இன்ஜெக்டரின் அளவில் பலர் தவறுகிறார்கள். பெரியதாக இருந்தால் நல்லது என்று நினைத்துவிடுகிறார்கள். உங்கள் 1089 சிசி இன்ஜின் தருவது ஏறத்தாழ 40 குதிரைத்திறன். முழு இழுவையில் ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்குச் சுமார் 225 கிராம் பெட்ரோல் என்று கொண்டால், மணிக்கு 9 கிலோ, அதாவது 12 லிட்டர். நிமிடத்துக்கு 200 மில்லி. இன்ஜெக்டரை 80 சதவீத நேரத்துக்கு மேல் திறந்து வைக்கக் கூடாது என்பதால் 250 மில்லி அளவுள்ளது வேண்டும். எத்தனாலுக்காகக் கூட்டினால் 270. இதற்குப் பதில் பெரிய இன்ஜினிலிருந்து எடுத்த 800 மில்லி இன்ஜெக்டரைப் போட்டால், ஸ்லோ ஸ்பீடில், அதாவது வண்டி நின்றபடி இன்ஜின் மெதுவாக ஓடும்போது, ஒவ்வொரு முறையும் அது அரை மில்லி செகண்டு அளவுக்கே பெட்ரோல் விட வேண்டியிருக்கும். இன்ஜெக்டர் திறப்பதற்கே ஏறத்தாழ 1 மில்லி செகண்டு ஆகும் நிலையில், அவ்வளவு சிறிய அளவைச் சீராக விட அதனால் முடியாது. வண்டி சிக்னலில் குலுங்கிக் குலுங்கி அணையும். நான்கு இன்ஜெக்டர் வைப்பதானால் ஒவ்வொன்றும் 70 மில்லி போதும். 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 விதி வந்த பிறகு 125 சிசி பைக்குகளில் வரும் இன்ஜெக்டர்கள் ஏறத்தாழ இந்தத் தேவைக்கு ஒத்துவரும். உங்கள் காரின் ஒரு சிலிண்டர் தருவதும் அந்த பைக் தருவதும் கிட்டத்தட்ட ஒரே சக்தி. எதை வாங்கினாலும் அளவுக் குழாயில் விட்டு அளந்து பார்த்த பின் பொருத்துங்கள்.

மிகக் கவனமாகச் செய்ய வேண்டிய பகுதி பெட்ரோல் வரும் வழி. பழைய பம்ப் தரும் அழுத்தம் 0.3 பார் (அழுத்தத்தின் அலகு) அளவைத் தாண்டாது. இன்ஜெக்ஷனுக்கு வேண்டியது 3 பார். பத்து மடங்கு. பழைய ரப்பர் ஹோஸையும் திருகி இறுக்கும் கிளிப்பையும் அப்படியே விட்டுவிட்டு உயர் அழுத்தப் பம்பை இணைப்பது தீயை வரவழைக்கும் செயல். எஸ்.ஏ.இ. 30 ஆர்9 என்று அச்சிட்ட, எத்தனாலைத் தாங்கும் ஹோஸையே வாங்குங்கள்; சைலன்சர் பக்கம் செல்லும் இடத்தில் இரும்புக் குழாயாக்குங்கள். அழுத்தத்தைச் சீராக வைக்கும் ரெகுலேட்டரிலிருந்து மீதிப் பெட்ரோல் டேங்குக்குத் திரும்ப ஒரு தனிக் குழாய் வேண்டும். அந்தச் சுழற்சிதான் உங்கள் வேப்பர் லாக்கைத் தீர்க்கிறது. பழைய டேங்கில் தடுப்புகள் போதாததால், பெட்ரோல் குறைவாக இருக்கும்போது வளைவில் பம்ப் காற்றை இழுக்கும். கார்புரேட்டர் கிண்ணம் அதைத் தாங்கிக்கொண்டது. இன்ஜெக்டர் தாங்காது, இன்ஜின் உடனே விக்கும். ஒரு லிட்டர் கொள்ளும் இடைக்கலம் ஒன்றை வைத்துவிட்டால் அது தீரும். கடற்கரை ஊர் டேங்குகளின் உட்புறம் துரு ஏறியிருப்பது வழக்கம்; எத்தனால் ஈரத்தை ஈர்ப்பதால் அது இன்னும் கூடும். டேங்கை இறக்கிச் சுத்தம் செய்து, பம்புக்கு முன்னும் பின்னும் பில்டர் வையுங்கள். இன்ஜின் சுற்றுவது நின்றவுடன் பம்பும் நிற்கும்படி, பம்ப் ரிலேவை ஈ.சி.யு.வே இயக்க வேண்டும். நேராக சாவிக்கு இணைக்கக் கூடாது. விபத்தில் வண்டி மோதி நின்ற பின்னும் 3 பார் அழுத்தத்தில் பெட்ரோல் பீய்ச்சிக்கொண்டிருப்பதைத் தடுப்பது அந்த ஒரு ஒயர்தான்.

இன்ஜின் எந்த நிலையில் சுற்றுகிறது என்று ஈ.சி.யு.வுக்குச் சொல்ல, கிராங்க் புல்லியில் பல்சக்கரம் ஒன்றைப் பொருத்துவது நல்லது. 36 பற்களில் ஒன்றை நீக்கிய சக்கரம் பரவலாகப் பயன்படுகிறது. பல் ஒவ்வொன்றும் 10 டிகிரி, விடுபட்ட பல் தொடக்கக் குறி. சக்கரம் ஆடாமல் ஓட வேண்டும். சென்சாருக்கும் பல்லுக்கும் 1 மில்லிமீட்டரை ஒட்டிய இடைவெளி இருக்க வேண்டும். பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பகிரும் டிஸ்ட்ரிபியூட்டரின் பாயிண்டிலிருந்து சிக்னல் எடுப்பது எளிது என்றாலும், பாயிண்ட் துள்ளும்போது பொய்யான சிக்னல் போகும். வண்டியில் டைனமோ இருந்தால் ஆல்டர்னேட்டராக மாற்றுங்கள். பம்பும் சென்சார் ஹீட்டரும் சேர்ந்து 10 ஆம்பியர் வரை எடுக்கும்.

ஈ.சி.யு. எது என்று கேட்பீர்கள். 2001-ஆம் ஆண்டை ஒட்டி அமெரிக்காவில் தொடங்கிய மெகாஸ்குவர்ட்டும், ஆர்டுயினோ மெகா பலகையில் இயங்கும் ஸ்பீடுயினோவும் இப்பணிக்குத் தகுதியானவை. இரண்டையும் பற்றிய விளக்கங்கள் வெளிப்படையாகக் கிடைக்கின்றன. உங்கள் மெக்கானிக்கால் லேப்டாப்பில் திறந்து படிக்க முடிவது எதுவோ அதை வாங்குங்கள். பூட்டிய பெட்டியாக வருவதை வாங்காதீர்கள்.

இங்கே என் அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். என் சொந்த வண்டியை மாற்றியபோது, மின்விசிறி ஓடத் தொடங்கினாலே இன்ஜின் கறுப்பாகப் புகைந்தது. இன்ஜெக்டரை மாற்றினேன், பம்பை மாற்றினேன். மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் கழிந்தன. கடைசியில், தண்ணீரின் வெப்பத்தை அளக்கும் சென்சாரின் எர்த்தை நான் பாடியில் இணைத்திருந்ததும், உப்புக் காற்றில் பூத்துப்போன அந்த இணைப்பில் மின்விசிறியின் மின்சாரமும் சேர்ந்து ஓடியதும் தெரிந்தது. சூடான இன்ஜினைக் குளிர்ந்த இன்ஜின் என்று நினைத்து ஈ.சி.யு. பெட்ரோலைக் கூட்டியிருக்கிறது. ஆகவே எல்லா சென்சார்களின் எர்த்தும் ஈ.சி.யு.வுக்கே திரும்ப வேண்டும், ஈ.சி.யு.வின் எர்த் இன்ஜின் பிளாக்கில் ஒரே இடத்தில் சேர வேண்டும். ரப்பர் முத்திரை கொண்ட கனெக்டர்களையே பயன்படுத்துங்கள். தேவனாம்பட்டினம் பக்கம் வீடு என்றால் இதில் சிக்கனம் பார்க்கவே கூடாது. ரெசிஸ்டர் உள்ள ஸ்பார்க் பிளக் போடுங்கள். சென்சார் ஒயரைப் பிளக் ஒயருக்கு இணையாகக் கொண்டுபோகாதீர்கள்.

டியூன் செய்ய இருவர் வேண்டும். ஒருவர் ஓட்ட, மற்றவர் லேப்டாப்பைப் பார்க்க வேண்டும். ஓட்டுபவர் திரையைப் பார்க்கக் கூடாது. முதலில் ஸ்லோ ஸ்பீடு, பிறகு சிதம்பரம் சாலையில் அதிகாலையில் ஒரே வேகத்தில் நீண்ட ஓட்டம், கடைசியாக முழு இழுவை என்ற வரிசையில் செல்லுங்கள். காற்று–பெட்ரோல் அளவை 14.7 என்று பார்க்காமல், உள்ளே போன காற்றுக்கும் தேவையான காற்றுக்கும் உள்ள லாம்ப்டா என்ற விகிதமாகவே பாருங்கள். எத்தனால் எவ்வளவு கலந்திருந்தாலும் லாம்ப்டா 1 என்பது முழு எரிதலையே குறிக்கும்.

கேள்வி: என்னிடம் 1489 சிசி பெட்ரோல் அம்பாசடர் உள்ளது. நான்கு சிலிண்டருக்கும் தனித்தனி இன்ஜெக்டர் வைக்க முடியுமா?
— வாசகர், லாஸ்பேட்டை, புதுச்சேரி

பதில்: அந்த இன்ஜினின் ஹெட்டைக் கழற்றிப் பார்த்தவர்களுக்கு விடை உடனே தெரியும்: நான்கு சிலிண்டருக்கும் காற்று செல்லும் வாசல்கள் இரண்டே. 1-ஆம் 2-ஆம் சிலிண்டர்கள் ஒரு வாசலையும், 3-ஆம் 4-ஆம் சிலிண்டர்கள் மற்றொன்றையும் பகிர்ந்துகொள்கின்றன. எனவே நான்கு இன்ஜெக்டர் வைக்க இடமில்லை. வாசலுக்கு ஒன்றாக இரண்டு வைக்கலாமே என்றால், அங்கேதான் நுட்பமான சிக்கல் இருக்கிறது.

இந்த இன்ஜினின் ஃபயரிங் ஆர்டர், அதாவது சிலிண்டர்கள் எரியும் வரிசை, 1-3-4-2. ஒரு வாசலை எடுத்துக்கொள்ளுங்கள்: 3-ஆம் சிலிண்டர் காற்றை இழுக்கிறது, 180 டிகிரி கழித்து 4-ஆம் சிலிண்டர் இழுக்கிறது, அதன்பின் 540 டிகிரி கழித்தே அந்த வாசலில் அடுத்த இழுப்பு தொடங்குகிறது. மற்ற வாசலில் 2-ம் 1-ம் அப்படியே. சீராகப் பெட்ரோல் விட்டுக்கொண்டிருந்தால், அந்த நீண்ட இடைவெளியில் தேங்கிய பெட்ரோல் முழுவதையும் முதலில் திறக்கும் உள் சிலிண்டர் எடுத்துக்கொள்ளும். அடுத்து வரும் வெளிச் சிலிண்டருக்கு வெறும் காற்றே மிஞ்சும். ஆக்சிஜன் சென்சாரோ நான்கின் சராசரியைத்தான் காட்டும்; திரையில் எல்லாம் சரியாகத் தெரிய, 1-ஆம் 4-ஆம் சிலிண்டர்கள் பெட்ரோல் குறைந்து சூடேறிக்கொண்டிருக்கும். இதே வாசல் அமைப்புள்ள பிரிட்டிஷ் மினி காரிலும் 1991-இல் ஒற்றை இன்ஜெக்டர் முறையே வந்தது. வாசலுக்கு ஒன்றாக இரண்டு இன்ஜெக்டர் வைக்கும் முறை 1996-இல்தான் வந்தது. அம்முறைக்கு ஒவ்வொரு சிலிண்டருக்கும் நேரம் பார்த்துப் பெட்ரோல் விடவும், அதற்காக எந்தச் சிலிண்டரின் முறை என்று காட்டும் கேம் சென்சார் வைக்கவும் வேண்டும்.

வீட்டு வண்டிக்கு அவ்வளவு சிரமம் வேண்டாம். மேனிஃபோல்டு இரண்டாகப் பிரியும் இடத்துக்கு முன்னால், கார்புரேட்டர் இருந்த இடத்தில் ஒற்றை இன்ஜெக்டர் வையுங்கள். காற்றும் பெட்ரோலும் பிரிவதற்கு முன்பே கலந்துவிடுவதால் சிக்கல் எழாது.

கேள்வி: 1998 மாடல் மாருதி 800-க்கு, அதே காரின் இன்ஜெக்ஷன் மாடலிலிருந்து பாகங்களை எடுத்து வைக்கலாமா?
— வாசகர், கடலூர் முதுநகர்

பதில்: வைக்கலாம், உங்களுக்கு அதுவே மிகச் சிறந்த வழி. 2000-ஆம் ஆண்டை ஒட்டி அந்தக் கார் இன்ஜெக்ஷனுக்கு மாறியது. அதற்கான டியூனிங்கைத் தொழிற்சாலையே செய்து முடித்துவிட்டது. ஆனால் ஒரே காரிலிருந்து முழுத் தொகுதியாக வாங்குங்கள்: மேனிஃபோல்டு, திராட்டில் பாடி, ஈ.சி.யு., வெட்டாத ஒயரிங், எல்லா சென்சார்களும், பம்புடன் கூடிய டேங்கும். ஒன்று இங்கே ஒன்று அங்கே என்று வாங்கினால் மாதக்கணக்கில் அலைய நேரிடும். சாவியை அடையாளம் காணும் ஈ.சி.யு. என்றால் அந்தச் சாவியையும் சேர்த்துக் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: இப்படி மாற்றினால் ஆர்.சி.யில் பதிய வேண்டுமா? எஃப்.சி.க்குப் போகும்போது சிக்கல் வருமா?
— வாசகர், நெல்லிக்குப்பம்

பதில்: மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து ஆர்.சி. விவரங்கள் மாறுபடும்படி வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது. 2019-இல் உச்ச நீதிமன்றம் இதைக் கண்டிப்பாக வலியுறுத்தியது. அதே ஆண்டின் சட்டத் திருத்தம், அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ 6 மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்க இடமளிக்கிறது. இன்ஜினையே மாற்றினால் இன்ஜின் எண் மாறுவதால் முன் அனுமதி கட்டாயம். அதே இன்ஜினில் கார்புரேட்டரை மட்டும் மாற்றும்போது எண்ணும் சிசியும் எரிபொருளும் மாறுவதில்லை. ஆயினும் உங்கள் பதிவு அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டு, பதிலைக் கையில் வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள். கடலூரில் ஒருவருக்குக் கிடைத்த பதில் புதுச்சேரிப் பதிவு வண்டிக்குப் பொருந்தும் என்று எண்ண வேண்டாம்; அது வேறு நிர்வாகம்.

புகைச் சோதனையில் உங்களுக்கு நன்மையே உண்டு. பாரத் ஸ்டேஜ் 2-க்கு முந்தைய பெட்ரோல் கார்களுக்கு ஸ்லோ ஸ்பீடில் கார்பன் மோனாக்சைடு 3 சதவீதமும், ஹைட்ரோகார்பன் 1500 பி.பி.எம்.மும் வரம்பு. ஒழுங்காக டியூன் செய்த இன்ஜெக்ஷன் அதற்கு வெகுவாகக் கீழேயே நிற்கும்.

கேள்வி: எங்கள் குடும்பத்தில் 1968-ஆம் ஆண்டு ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஒன்று உள்ளது. விண்டேஜ் பதிவு செய்ய எண்ணம். அதற்கும் இன்ஜெக்ஷன் வைத்துவிடலாமா?
— வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: வேண்டாம். 2021-இல் வந்த மத்திய விதிகளின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்து, சேஸிஸ், பாடி, இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்யப்படாமல் அசல் வடிவில் இருக்கும் வாகனமே விண்டேஜ் எனக் கருதப்படும். அந்தத் தகுதியை நீங்களே கேள்விக்கு உள்ளாக்க வேண்டியதில்லை. விண்டேஜ் வண்டியை அன்றாடம் சாலையில் ஓட்டவும் விதி இடம் தருவதில்லை. எனவே இன்ஜெக்ஷனால் கிடைக்கும் பயனும் உங்களுக்குக் குறைவு.

கார்புரேட்டரை முழுவதும் கழற்றிச் சுத்தம் செய்து, பம்பின் டயாஃப்ரம், மிதவை ஊசி, கேஸ்கட்டுகள், ரப்பர் ஹோஸ்கள் அனைத்தையும் எத்தனாலைத் தாங்கும் வகையாக மாற்றிவிடுங்கள். ஐப்பசி தொடங்கி மழை ஓயும்வரை வண்டி நிற்கும் என்றால், டேங்கில் பாதிப் பெட்ரோலுடன் நிறுத்தாதீர்கள். காலியிடத்தில் உள்ள ஈரக்காற்றிலிருந்து எத்தனால் தண்ணீரை ஈர்க்கும். ஒரு அளவுக்கு மேல் போனால் தண்ணீரும் எத்தனாலும் பிரிந்து அடியில் தங்கி, டேங்கையும் கார்புரேட்டரின் உலோகத்தையும் அரிக்கும். பெட்ரோலை முழுவதும் வடித்துவிட்டு, கார்புரேட்டர் கிண்ணம் வற்றும்வரை இன்ஜினை ஓடவிட்டு நிறுத்துங்கள். தை பிறந்ததும் புதுப் பெட்ரோல் ஊற்றி, முதல் பத்து நிமிடம் ஹோஸ்களில் கசிவு இருக்கிறதா என்று பார்த்த பின்பே வெளியே எடுங்கள்.